ஹோஸ்டிங் மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டியவை: ஒரு கும்பகோணத்து அனுபவம்

கும்பகோணம், சுவாமிமலை, நாச்சியார்கோவில் பக்கம் தொழில் செய்கிறவர்களின் இணையதளங்களுக்கு ஹோஸ்டிங், அதாவது தளத்தின் ஃபைல்களை எப்போதும் நெட்டில் ஓடும் கம்ப்யூட்டரில் (சர்வரில்) வைக்க வாடகை இடம், பார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. குத்துவிளக்கு, ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு, வேளாங்கண்ணி லாட்ஜ் என்று தொழில் எதுவானாலும் முதலில் வரும் கேள்வி "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்பதுதான். ஒரு பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஒரே கம்பெனியின் இரண்டு சர்வர்களில் ஒன்று நன்றாக ஓடும், இன்னொன்று தினமும் இழுக்கும். அதனால் நாங்கள் பெயரைப் பார்ப்பதில்லை. சர்வர் விழுந்தால், பேக்கப் தேவைப்பட்டால், அங்கிருந்து கிளம்ப நினைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கிறோம். ஒரு விளக்குக் கடையின் தளத்தைப் பழைய இடத்திலிருந்து எடுத்துப் புது இடத்தில் வைத்தபோது செய்ததை அதே வரிசையில் எழுதுகிறோம்.

கம்பெனி தேடும் முன்பே பார்க்க வேண்டியது டொமைன் (தளத்தின் இணைய முகவரி) யார் பேரில் இருக்கிறது என்பது. டொமைன் மனைப் பட்டா என்றால் ஹோஸ்டிங் வாடகைக் கட்டடம். கட்டடத்தை எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம். பட்டா வேறொருவர் பேரில் இருந்தால் நம் கையில் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் நாங்கள் அதிகம் பார்க்கும் தகராறு இதுதான். தளம் செய்து கொடுத்தவர் தன் மின்னஞ்சலிலேயே டொமைனையும் ஹோஸ்டிங்கையும் சேர்த்து வாங்கியிருப்பார். பிறகு அவர் ஊர் மாறுவார், போன் நம்பர் மாறும். டொமைனை மாற்ற வேண்டிய அங்கீகாரக் குறியீடு அவருடைய கணக்கில்தான் கிடைக்கும். எனவே முதல் வேலை, உரிமையாளரின் பெயரும் அவருடைய சொந்த மின்னஞ்சலும் பதிவில் இருக்கும்படி செய்வது. அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும், மீட்கும் கடிதம் வந்து சேராது. டாட் காம் டொமைனைப் பதிவு செய்தோ வேறு பதிவாளருக்கு (டொமைன் விற்கும் நிறுவனத்துக்கு) மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் பெரும்பாலும் மறுபடி மாற்ற விடமாட்டார்கள். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை இன்னொன்றிலும் வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஹோஸ்டிங் கம்பெனியோடு சண்டை வந்தாலும் முகவரியை அன்றைக்கே வேறு சர்வருக்குத் திருப்பலாம்.

அடுத்து சர்வர் எங்கே என்பது. "நம்ம கடையிலேயே ஒரு கம்ப்யூட்டர் வச்சு ஓட்டினா என்ன தம்பி, வருஷா வருஷம் காசு எதுக்கு?" என்று மூத்த வியாபாரிகள் கேட்பார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பிறகு நாகை, திருவாரூர் மாவட்டங்களில் எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை எடுத்துச் சொன்னால் போதும், ஐயா புரிந்துகொள்வார். நாம் இருளில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் தளம் திறக்க வேண்டும். சென்னையையும் முழுக்க நம்ப வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே வெள்ளம் எப்படி இருந்தது என்று தெரியும். சர்வர் சென்னையில் என்றால் பேக்கப் மும்பையிலோ வேறு ஊரிலோ இருக்கட்டும்.

தூரம் வேகத்தில் தெரியும். தஞ்சாவூரிலிருந்து அமெரிக்கச் சர்வருக்குப் போய்த் திரும்ப 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும்; மும்பைக்கு அதில் நாலில் ஒரு பங்குகூட ஆவதில்லை. பக்கம் திறக்க இப்படிப் பல நடை போக வேண்டியிருப்பதால் இது கூடிக்கொண்டே போகும். வாங்குபவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியாவில் என்றால் சிங்கப்பூர் சர்வரையும் தாராளமாக எடுக்கலாம். சென்னையிலிருந்து அங்கே கடலடிக் கேபிள் நேரே போவதால் இங்கிருந்து திறப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இனி விளம்பரத்தில் வரும் வார்த்தைகள். 99.9 சதவீத அப்டைம் என்றால் மாதத்தில் சுமார் 43 நிமிடம் தளம் படுத்திருக்கலாம் என்று அர்த்தம். 99 சதவீதம் என்றால் அதுவே 7 மணி நேரத்தைத் தாண்டும். ஒப்பந்தத்தைத் திறந்து இரண்டு விஷயம் படிக்க வேண்டும்: முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கிறார்களா, தவறினால் என்ன தருகிறார்கள். பெரும்பாலும் தருவது அந்த மாத ஹோஸ்டிங் வாடகையில் ஒரு பகுதி, அதுவும் நாம் கேட்டால்தான். போன வியாபாரத்துக்கு ஈடு யாரும் கொடுப்பதில்லை.

"அன்லிமிடெட்" என்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். இடத்துக்கு வரம்பு இல்லை என்பார்கள். ஃபைல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். அதற்குப் பெயர் ஐநோடு. வேர்ட்பிரஸில் (தளம் கட்டும் மென்பொருளில்) ஒரு விளக்கின் படத்தை ஏற்றினால் ஒரு ஃபைலோடு நிற்காது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுக்கு ஒன்றாக அதுவே ஏழெட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளும். 1,500 படம் ஏற்றினால் 12,000 ஃபைல். வந்த ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு ஃபைல். வரம்பு நிரம்பியதும் இடம் ஏராளமாகக் கிடந்தாலும் புது ஆர்டர் மெயில் உள்ளே வராது, எந்தப் படமும் ஏறாது. காரணம் புரியாமல் கடைக்காரர் போனை மாற்றிப் பார்ப்பார், நெட்டை மாற்றிப் பார்ப்பார்.

இன்னொரு வரம்பு, ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை உள்ளே நுழையலாம் என்பது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் வகை) இது பல இடங்களில் 20. இருபது பேர்தான் பார்க்க முடியும் என்று அர்த்தமில்லை. ஒரே கணத்தில் இருபது பிஎச்பி வேலை (சர்வர் ஒரு பக்கத்தைத் தயாரிக்கும் வேலை) ஓடலாம் என்று அர்த்தம். அதைத் தாண்டினால் 508 என்ற பிழை எண் வரும். கேஷ் செய்த (முன்பே தயாரித்து வைத்த) பக்கங்கள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வராது. ஆனால் அறை பதிவு, கூடை, பணம் கட்டும் பக்கங்களைக் கேஷ் செய்ய முடியாது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அதற்கு முந்தைய வாரங்களில் லாட்ஜ் தளங்கள் விழுவது இதே இடத்தில்தான். கும்பகோணத்து லாட்ஜ்காரர்கள் 2028 மகாமகத்துக்கு இப்போதே இதை யோசிக்கலாம். தேவைப்பட்ட மாதம் மட்டும் பெரிய பிளானுக்கு ஏறி, பிறகு இறங்கிக்கொள்ள அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஏற எல்லோரும் விடுவார்கள். இறங்க விடாதவர்கள் உண்டு.

கேட்பதை எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். பணம் கட்டுவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணி வாக்கில், விற்பனைப் பிரிவிடம் அல்லாமல் சப்போர்ட்டிடம் கேளுங்கள்: ஐநோடு வரம்பு எவ்வளவு, ஒரே நேரக் கோரிக்கை வரம்பு எவ்வளவு, பேக்கப் எத்தனை நாளுக்கு இருக்கும், அது அதே சர்வரில் இருக்கிறதா வெளியிலா, மீட்டெடுக்கத் தனிக் கட்டணம் உண்டா. எண்ணோடு பதில் வந்தால் நல்ல அறிகுறி. "கவலைப்படாதீங்க சார், எல்லாம் இருக்கு" என்று வந்தால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

பணத்தில் பார்க்க வேண்டியது முதல் வருட விலை அல்ல, புதுப்பிக்கும் விலை. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பில்லில் நம் ஜிஎஸ்டி எண் ஏறினால்தான் உள்ளீட்டு வரி திரும்பும். கணக்குத் திறக்கும்போதே அதைக் கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி வரி சேர்க்காமல் பில் போட்டால், பதிவு பெற்ற வியாபாரி எதிர்முறைக் கட்டண வழியில் தானே கட்ட வேண்டியிருக்கும்; ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்று கார்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகப் பணம் எடுக்கத் தனி ஒப்புதல் வேண்டும். 2022 ஜூனில் உயர்த்திய வரம்பின்படி 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் புதுப்பிக்கும் தொகை இந்த வரம்பைத் தாண்டினால் பணம் போகாது, தளம் நின்ற பிறகுதான் தெரியவரும். டொமைனில் இப்படி நடந்தால் இன்னும் மோசம். சலுகை நாட்கள் முடிந்த டாட் காம் 30 நாள் மீட்புக் காலத்துக்குள் போய்விடும். திரும்ப எடுக்கப் பல மடங்கு கட்டணம். அதன்பின் 5 நாளில் அது யாருக்கு வேண்டுமானாலும்.

வாங்கியதும் தளத்தை உடனே ஏற்றாதீர்கள். முதலில் வெறும் வேர்ட்பிரஸ் ஒன்றை ஏற்றி ஓட விடுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் கண்காணிப்புச் சேவை ஒன்றை வைத்து, பக்கத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட சொல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தைக் கேட்டதிலிருந்து முதல் பைட் (தரவின் முதல் துணுக்கு) வந்து சேரும் நேரம் 0.8 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் அளவு. வெறும் பக்கத்துக்கே அது தாண்டினால் அந்தச் சர்வரில் கூட்டம் அதிகம். ஏதாவது ஒரு படத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டு, நேற்றைய பேக்கப்பிலிருந்து நாமே மீட்டுப் பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்த வாக்குறுதியைவிட இந்தச் சோதனையைத்தான் நாங்கள் நம்புகிறோம். பணம் திருப்பித் தரும் கெடு பல கம்பெனிகளில் 30 நாள். அதற்குள் இவற்றை முடித்துவிடுங்கள்.

மாற்றும் வேலை: முந்தின நாளே டிஎன்எஸ் பதிவுகளின் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்புகளின்) டிடிஎல் அளவை, அதாவது அந்தக் குறிப்பை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைக்க வேண்டும். சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகையில்) அது வழக்கமாக 14,400, அதாவது 4 மணி நேரம். குறைக்காவிட்டால் அவ்வளவு நேரம் சிலர் பழைய சர்வருக்கும் சிலர் புதியதற்கும் போவார்கள், ஆர்டர்கள் இரண்டாகப் பிரியும். கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (கம்ப்யூட்டர் முதலில் பார்க்கும் முகவரிப் பட்டியலில்) புது சர்வரின் ஐபியை (எண் முகவரியை) எழுதினால் ஊருக்குத் தெரியாமல் புதுத் தளத்தை நாம் மட்டும் திறந்து பார்க்கலாம். அப்போது முதலில் தமிழ் எழுத்துகளைப் பாருங்கள். டேட்டாபேஸை (தளத்தின் தகவல் கிடங்கை) ஏற்றும்போது எழுத்துக்குறி முறை தமிழை ஏற்கும் யூடிஎஃப்8 வகையாக (யூடிஎஃப்8எம்பி4 என்றால் நல்லது) இல்லாவிட்டால் "அன்ன விளக்கு", "கிளை விளக்கு" எல்லாம் சிதைந்துவிடலாம். விநோத எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். டேட்டாபேஸுக்குள்ளேயே வெறும் கேள்விக்குறிகள் பதிந்திருந்தால் அந்தப் பிரதியில் தமிழ் போனது போனதுதான். பழைய சர்வரிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். பழையதை அவசரப்பட்டு அழிக்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

தளத்தை மாற்றும்போது ஆர்டரை நிறுத்தி வைக்கும் நேரத்தை வாடிக்கையாளரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவில் மாற்றுவது எல்லோருக்கும் பொருந்தாது. அமெரிக்காவுக்குச் சிலை அனுப்பும் சுவாமிமலைப் பட்டறைக்கு நம் இரவு வாடிக்கையாளர்களின் பகல். அந்தப் பட்டறைக்கு நம் மதியம் ஒரு மணிக்கு மாற்றுவதுதான் சரி.

பெரும்பாலானவர்கள் விழும் இடம் மின்னஞ்சல். நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரை) மாற்றினால் பழைய டிஎன்எஸ் பதிவுகள் எதுவும் கூட வராது. எம்எக்ஸ் (மெயில் எங்கே வர வேண்டும்), எஸ்பிஎஃப் (நம் பேரில் யார் அனுப்பலாம்), டிகேஐஎம் (மெயிலின் கையொப்பம்) எல்லாவற்றையும் நாமே திரும்ப எழுத வேண்டும். எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். பழையதை விட்டுவிட்டுப் புதியதையும் சேர்த்தால் இரண்டுமே செல்லாது, பில் மெயில்கள் ஸ்பாமுக்குப் போகும். இன்னொன்று, மெயில் ஜோஹோவிலோ கூகுளிலோ இருக்கும் கடைகளுக்கு: சிபேனலில் மெயில் ரூட்டிங் "லோக்கல்" என்று கிடந்தால், தளத்தின் விசாரணைப் படிவத்திலிருந்து கடை முகவரிக்குப் போகும் மெயில் வெளியே போகவே போகாது. அதே சர்வருக்குள் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். வெளியாட்கள் அனுப்பும் மெயில் ஒழுங்காக வருவதால் சந்தேகமே எழாது. "ரிமோட்" என்று மாற்றி, படிவத்தில் ஒரு விசாரணை அனுப்பிப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகச் சொல்லுங்கள்.

முகவரி திரும்பியதும் எஸ்எஸ்எல் சான்றிதழ் (வாடிக்கையாளர் அனுப்பும் தகவல் நடுவில் யாருக்கும் தெரியாமல் காப்பது) வந்துவிட்டதா என்று பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் இலவசம். அதற்குத் தனியாகக் காசு கேட்கும் கம்பெனியிடம் சாதாரணக் கடைத் தளத்துக்குக் கொடுக்கத் தேவையில்லை. பேமென்ட் கேட்வேயில் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவையில்) பழைய ஐபி பதிந்திருந்தால் மாற்றி, ஒரு ரூபாய்ப் பொருள் ஒன்றைப் போட்டு வாங்கிப் பாருங்கள்.

பழைய கணக்கை ஒரு மாதம் அப்படியே விட்டு வையுங்கள். அதிலிருக்கும் பழைய மெயில்களை ஐமேப் (சர்வரிலிருக்கும் மெயிலை எடுக்கும் முறை) வழியாக இறக்கி, முழு பேக்கப் ஒன்றைக் கடை ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டு ரத்து செய்யுங்கள். ரத்து செய்தாலும் கார்டில் கொடுத்த தானியங்கி ஒப்புதல் வங்கிப் பக்கம் உயிரோடு இருக்கும். அதை வங்கியின் ஆப்பில் போய்த் தனியாக நிறுத்த வேண்டும்.