முன் சக்கரம் சும்மா நின்ற ஜிப்ஸி

என்னுடையது 1998 மாடல் மாருதி ஜிப்ஸி, ஃபோர்-வீல் டிரைவ் ஜீப். கார்புரேட்டர் வைத்த 1298 சிசி பெட்ரோல் எஞ்சின், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், பவர் ஸ்டீயரிங் கிடையாது. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வீடு வத்தலக்குண்டில், தோட்டம் பண்ணைக்காட்டுக்குக் கீழே. காப்பி, மிளகு, ஊடே மலைவாழை, நிழலுக்குச் சில்வர் ஓக். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போனதிலிருந்து அது பாதி பாதை, பாதி ஓடை. இந்த வண்டியை வாங்கியதே அந்த ஒன்றரை கிலோமீட்டருக்காகத்தான்.

நவம்பர் 2024

காப்பிப் பழம் எடுக்கிற நேரம். மூன்று நாளாக விடாத மழை. ஆறு மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது இரண்டாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. ஃபோர்-லோ, அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற நிலை, போட்டு முதல் கியரில் மெதுவாக ஏற்றிப் பார்த்தேன். பின்னால் சேறு பறக்கிறது, வண்டி நகரவில்லை.

பெரியப்பா குடையோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டாதவர்.

"ஏன்டா, பின் வீலுதான சுத்துது? முன்னாடி ரெண்டும் சும்மா நிக்குதே."

"நாலும் சுத்தும் பெரியப்பா, உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன். வண்டி இன்னும் கொஞ்சம் புதைந்தது. கடைசியில் மூட்டைகளை இறக்கி, வாழை மட்டையும் ஓக் கிளையும் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, ஐந்து பேர் தள்ளித்தான் ஏறியது.

அன்று ராத்திரி செல்போனில் ஒரு பட்டியல் போட்டேன். மட் டயர், வண்டியை ஐந்து அங்குலம் உயர்த்துகிற ஸ்பிரிங் வேலை, சிக்கிய வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கிற வின்ச், கூரை மேல் விளக்கு. கூட்டிப் பார்த்தால் வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் வந்தது. ஆனால் பெரியப்பா சொன்னது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜனவரி 2025

பொங்கல் லீவில்தான் கை வைக்க முடிந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம்.

இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் கையால் திருகுகிற குமிழ் ஒன்று இருக்கிறது. ஃப்ரீ என்று வைத்தால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், ஆக்சில் பேசாமல் கிடக்கும். லாக் என்று வைத்தால்தான் ஆக்சிலும் சக்கரமும் ஒன்றாகப் பிணையும். அது பிணையாமல் உள்ளே லீவரை ஃபோர்-லோவில் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டு குமிழையும் லாக்கில் வைத்தேன். லீவர் டூ-ஹையில், அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண ஓட்டத்தில். வலது சக்கரத்தைக் கையால் சுற்றினால் கனமாக, உள்ளே பல்சக்கரம் உருளும் சத்தத்தோடு சுற்றுகிறது. சரியாக இருந்தால் இடது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அது அசையவே இல்லை. இடதைச் சுற்றிப் பார்த்தேன். சைக்கிள் சக்கரம் போல லேசாகச் சுற்றியது, சத்தமே இல்லை.

இடது குமிழ் வெளியே லாக் என்று காட்டுகிறது, உள்ளே பிணையவில்லை. கழற்றிப் பார்த்தால், பல வருடத்து கிரீஸ் காய்ந்து மெழுகுக் கட்டி மாதிரி உறைந்து கிடந்தது. நகர வேண்டிய வளையம் அதில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றுவிட்டது.

ஒரு பக்கம்தானே போச்சு, இன்னொரு முன் சக்கரமாவது இழுத்திருக்குமே என்று தோன்றும். அங்கேதான் டிஃபரன்ஷியல், அதாவது ஆக்சிலின் நடுவில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரக் கூட்டம், வேலையைக் காட்டுகிறது. எந்தப் பக்கம் இளக்கமோ அந்தப் பக்கமே சுற்று முழுவதையும் விட்டுவிடும். இடது ஆக்சில் எதோடும் பிணையாமல் உள்ளே வெறுமனே சுற்றியது, வலது சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. ஆக, மூன்று வருடமாக நான் ஓட்டியது வெறும் பின் சக்கர வண்டி. இந்த லட்சணத்தில் நண்பர்களிடம் ஃபோர்-வீல் டிரைவ் பெருமை வேறு.

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, டீசலில் கழுவினேன். வளையம் விரலால் தள்ளினாலே நகர்ந்தது. திரும்பப் பூட்டும்போது கிரீஸை அள்ளி அப்பாமல் மெல்லிசாகத் தடவினேன். அப்பி அப்பித்தான் முதலில் இந்த நிலைக்கு வந்தது. செலவு டீசல் மட்டும். செல்போனில் இருந்த பட்டியலை அழிக்கவில்லை, ஆனால் திறக்கவும் இல்லை.

பிப்ரவரி, மார்ச்

ஒரு பக்கத்தைத் திறந்த பிறகு மற்றதை விட்டுவைக்க மனசு வரவில்லை. முன் ஆக்சிலில் சக்கரம் திரும்புகிற உருண்டைப் பகுதி, அதாவது நக்கிள், இரண்டு பக்கமும் கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. கிரீஸ் இப்படித் தண்ணீராக ஒழுகாது. உள்ளே இருக்கிற ஆக்சில் ஆயில் சீல் போய், ஹவுசிங் (ஆக்சிலை மூடிய இரும்புக் கூடு) ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. வெளியே தெரிகிற சீலை மட்டும் மாற்றினால் இரண்டு மாதத்தில் திரும்பக் கசியும்.

இதைத் தனியாகச் செய்யத் தைரியம் இல்லை. ஊரில் பழைய ஜீப் வேலை மட்டும் பார்க்கிற பாய் ஒருவரிடம் போனேன். ஹப் நட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். முன்பு எவரோ சரியான பாக்ஸ் ஸ்பானர் இல்லாமல் உளியை வைத்து அடித்தே கழற்றியிருக்கிறார்கள். லேத் பட்டறையில் குழாயை வெட்டி, பல் வைத்து, ஒரு ஸ்பானர் செய்துகொண்டோம். இந்த வண்டி இருக்கிற வரைக்கும் உதவும்.

ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் வெடவெடவென்று ஆடும் வியாதியும் இருந்தது. இரண்டு முறை வீல் பேலன்ஸ் செய்தும் தீரவில்லை. பாய் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"கிங்பின் பேரிங் லூசு தம்பி. பேலன்ஸ் பண்ணி என்ன ஆகப்போகுது?"

நக்கிள் திரும்புவதற்கு அச்சாக இருக்கிற ஆணிதான் கிங்பின். அதற்கு அடியில் காகிதம் போல மெல்லிய தகடுகள், ஷிம், வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்தால் பேரிங் இறுகும், சேர்த்தால் இளகும். எவ்வளவு இறுக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சீலும், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிற டை ராடும் மாட்டுவதற்கு முன், நக்கிளின் கையில் கொக்கித் தராசை மாட்டி இழுத்தால், ஒன்றிலிருந்து இரண்டு கிலோவுக்குள் இழுக்கும்போது அது திரும்ப வேண்டும். பாயிடம் தராசு இல்லை, அவர் கைக்கணக்குக்காரர். அம்மா மிளகு எடை போடுகிற சின்னத் தராசைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனேன். இடது பக்கம் முதலில் அரைக் கிலோவுக்கே திரும்பியது. ஒரு ஷிம்மை எடுத்ததும் ஒன்றரைக்கு வந்தது. வலது பக்கம் பாய் கையாலேயே வைத்துவிட்டு, "இப்பப் பாரு" என்றார். தராசு ஒன்றரை காட்டியது. அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

பேரிங், உள் சீல், வெளி சீல் எல்லாம் புதுசு. ஜிப்ஸி உற்பத்தியை நிறுத்திச் சில வருடம் ஆகியும் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. ராணுவத்திலும் போலீஸிலும் அத்தனை வண்டிகள் ஓடியிருக்கின்றன. மதுரையில் கிடைக்காதது கோயம்புத்தூரில் கிடைத்தது. ஸ்டீயரிங் ஆட்டம் அன்றோடு போனது.

பின் ஹவுசிங் ஆயிலைத் திறந்தபோது பால் காப்பி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்த ஆயில். ஓடையைக் கடக்கும்போது நடப்பது இதுதான்: ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, பக்கத்து நீரைச் சீல் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் துளையில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, பாடிக்கு உள்ளே உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். முன் ஹவுசிங்குக்கு எஞ்சின் பேட்டரி பக்கத்தில். இரண்டிலும் புது 80-90 கியர் ஆயில். இந்த வண்டிக்கு நான் செய்ததில் மிக மலிவான மேம்பாடு இதுதான்.

கையோடு டிரான்ஸ்ஃபர் கேஸின், அதாவது எஞ்சின் சுற்றை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டியின், மூன்று ரப்பர் மவுன்ட்டையும் மாற்றினோம். ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாகத் தொங்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் இணைக்கும். ரப்பர் நைந்தால் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி உதறும். நான் கிளட்ச் பிளேட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே: ஒரு தவறு

பின் பட்டை தளர்ந்து, வண்டி புட்டம் தாழ்ந்து நின்றது. ஆக்சிலுக்குக் கீழே இருக்கிற பட்டைகளை மேலே மாற்றினால் வண்டி நன்றாக உயரும். ஆனால் எங்கள் பாதையில் ஒரு பக்கம் சரிவு. உயரம் ஏற ஏற வண்டி கவிழ்கிற பயமும் ஏறும். அதனால் அது வேண்டாம், பட்டையை அடித்து வளைவு ஏற்றினால் போதும் என்று ஒரு பட்டறையில் விட்டேன். அங்கே வளைவு ஏற்றியதோடு, "லோடு அடிக்கிறீங்கல்ல" என்று நான் கேட்காமலே ஒரு பிளேட்டைக் கூட்டிப் போட்டுக் கொடுத்தார்கள்.

வண்டி கம்பீரமாக நின்றது. தோட்டத்துப் பாதையில் விட்டால், முன்பு பள்ளத்துக்குத் தகுந்தபடி இறங்கி ஏறிய பின் சக்கரம் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. தரையைத் தொடாத சக்கரம் எப்படி இழுக்கும்? அதோடு காலி வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த பெரியப்பா வீட்டு வாசலில் இறங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த வாரமே அந்தப் பிளேட்டை எடுத்துவிட்டேன். கழற்ற ஒரு மணி நேரம், துருப்பிடித்த யூ-போல்ட்டோடு மல்லுக்கட்ட மூன்று மணி நேரம்.

டயர் கணக்கு

கம்பெனி அளவு 205/70 ஆர் 15. பலரும் போடுவது 215/75 ஆர் 15. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதலாவதின் மொத்த விட்டம் 668 மில்லிமீட்டர், இரண்டாவதின் விட்டம் 703.5. ஹவுசிங் தரையிலிருந்து உயர்வது இதில் பாதி, சுமார் 18 மில்லிமீட்டர், என் கட்டைவிரல் அகலம். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஹவுசிங் உயராது, டயர்தான் அதை உயர்த்தும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் விட்டம் ஐந்து சதவீதம் கூடினால் ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இழுவையும் அதே அளவு குறையும். மேலும், 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 2028-இல் எனக்கு அடுத்த எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சோதனை, வருகிறது. அதே 205-இல் முரட்டுப் பட்டன் வைத்த ஆல்-டெரெய்ன் டயராகப் போட்டுக்கொண்டேன். மண்பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குகிறேன். தார் ரோட்டுக்கு வந்ததும் பேட்டரியில் ஓடும் குட்டிப் பம்பில் ஏற்றிக்கொள்கிறேன். பத்து நிமிட வேலை, அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

கார்புரேட்டர் பற்றி ஒன்று. வத்தலக்குண்டிலிருந்து தோட்டத்துக்கு சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது, பெட்ரோல் அதே அளவு வருகிறது, பிளக் கறுக்கிறது. பெட்ரோலை அளந்து விடுகிற துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றினால் கீழே எஞ்சின் சூடாகும். ஐடிலிங்கைத் தோட்டத்தில் வைத்துச் சரிசெய்துவிட்டு, பிளக்கை மாதம் ஒருமுறை துடைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நண்பர்கள் சிலர் வண்டியைக் காட்டுக்குள் விட்டுப் பார்க்கலாம் என்று கூப்பிட்டார்கள். சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், அங்கே வேலை இல்லை. என் ஒன்றரை கிலோமீட்டரே போதும்.

அக்டோபர் 2025

தீபாவளி வாரம், நல்ல மழை. போன வருடம் நின்ற அதே வளைவு. வழியில் ஊத்து என்ற ஊரில் டீ குடிக்கும்போதே மனசு படபடத்தது. மண்பாதை தொடக்கத்தில் இறங்கி இரண்டு குமிழையும் லாக் செய்து, ஜாக்கி வைக்காமலேயே வண்டியை ஒரு அடி நகர்த்தி, பிணைந்த சத்தம் கேட்டுக்கொண்டேன். உரமும் அரிசியுமாகப் போன தடவை அளவுக்கே பாரம். இறக்கத்தில் ஃபோர்-லோ, முதல் கியர், பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. எஞ்சினே பிடித்துக்கொண்டு போனது.

திரும்பி ஏறும்போது வளைவில் பின் சக்கரம் ஒருமுறை வழுக்கியது. அடுத்த நொடி முன்பக்கம் மண்ணைக் கவ்வி, ஸ்டீயரிங் கையில் லேசாக இழுக்க, வண்டி தானாக மேலே வந்துவிட்டது. பெரியப்பா அதே இடத்தில், அதே குடையோடு நின்றார்.

"இன்னைக்கு முன்னாடியும் சுத்துதுடா."

"ஆமா பெரியப்பா."

பாக்கி வேலைகள்: பின் இடது சக்கரத்தில் ஆயில் வாடை வருகிறது, டிரம்மைத் திறக்க வேண்டும். கொடி மிளகு அடுத்த மாதங்களில் பழுத்துவிடும், அம்மா தராசைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொக்கியில் இருக்கும் கிரீஸ் எதில் கழுவினாலும் போக மாட்டேன் என்கிறது.