பௌரோபோடாவுக்குப் பெயர் வைப்பதற்குள்

புது இனம் கிடைத்தால் பெயர் வைப்பதுதான் ஜாலியான வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். பெயரை நான் ஒரே சாயங்காலத்தில் யோசித்துவிட்டேன். அதை முறைப்படி அச்சில் ஏற்றுவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

பௌரோபோடா மண்ணுக்குள் வாழும் பலகாலி. மரவட்டைக்கும் பூரானுக்கும் உறவு. நீளம் பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்குள்தான். கண் இல்லை, உணர்கொம்பு மட்டும் கிளைவிட்டிருக்கும். மண்ணைப் புனலில் வலைமேல் பரப்பி மேலே பல்பைப் போட்டால், சூடு தாங்காமல் கீழே இறங்கி ஆல்கஹாலில் விழும். கூடவே உண்ணிகளும் கூட்டமாக விழும். அதில் இதைத் தேடிப் பொறுக்குவதற்கே தனிப் பொறுமை வேண்டும்.

எந்த வரிசை, அதாவது எந்தப் பெரும்பிரிவு என்று கண்டுபிடிப்பது எளிது. உணர்கொம்பின் காம்பில் நான்கு கணு என்றால் டெட்ராமெரோசெராட்டா, ஆறு என்றால் ஹெக்ஸாமெரோசெராட்டா. சிற்றினத்துக்கு வந்தால்தான் வம்பு. அது பெரும்பாலும் உடம்பின் பின்முனையில் இருக்கும் குதத்தகட்டை வைத்துத்தான் முடிவாகும். லாக்டிக் அமிலத்தில் உடம்பைக் கண்ணாடிபோல் தெளிய வைத்து, ஸ்லைடில் சரியான கோணத்தில் கிடத்த வேண்டும். கொஞ்சம் புரண்டால் தகடு மறைந்துவிடும். தகட்டின் விளிம்பு எங்கே பிளவுபடுகிறது, எந்த முடி தடி போலிருக்கிறது, ஒன்றுக்கொன்று நீளம் என்ன விகிதம் என்று ஒவ்வொன்றாக அளந்து வரைந்தேன்.

அதுவும் முதிர்ந்ததாக இருக்க வேண்டும். முட்டையிலிருந்து வரும்போது மூன்று ஜோடிக் கால்தான். தோலுரிக்க உரிக்க ஐந்து, ஆறு, எட்டு என்று ஏறி, பெரும்பாலானவற்றில் ஒன்பதில் நிற்கும். என்னிடம் இருந்தவற்றில் பாதிக்குமேல் குஞ்சுகள்.

அப்புறம் பழைய இனங்களோடு ஒப்பிடும் படலம். சில பழைய விவரிப்புகளில் குதத்தகட்டின் படமே இருக்காது. முதலில் பெயர் வைத்தவர் பார்த்த மூல ஸ்லைடை இரவல் கேட்க வேண்டும். ஒரு சேகரிப்பகம் பதிலே போடவில்லை. இன்னொன்று அனுப்பிய ஸ்லைடில் பிசின் படிகமாகிக் கிடந்தது. விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகளை எழுதியவர்களைவிட ஸ்லைடு செய்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

விதிகள் உண்மையில் தெளிவானவை. 1999க்குப் பிறகு வெளியாகும் சிற்றினப் பெயருக்கு மூல மாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான உடல் எது, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று சொல்லியாக வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு முன்கூட்டியே முடிந்து, அது கட்டுரையிலும் தெரிய வேண்டும். இரண்டும் சீக்கிரம் முடிந்துவிட்டன. மதிப்பாய்வாளர் கேட்டது ஒன்றுதான்: தகட்டை அடிப்புறத்திலிருந்தும் வரைந்து தாருங்கள். சரி என்று மறுபடி நுண்ணோக்கியில் உட்கார்ந்தேன். கட்டுரை வந்துவிட்டது. குஞ்சுகள் இருக்கும் குப்பியில் மட்டும் இன்னும் பேரினப் பெயரோடு நிறுத்தியிருக்கிறேன்.