வாடகைத் தாய்ப் பன்றியை யாரும் கவனிப்பதில்லை

ஒரு பன்றியின் கருவை எடுத்து இன்னொரு பன்றியின் கருப்பையில் வைப்பதுதான் கருமாற்றம். அதைச் செய்ய ஒரு பண்ணைக்குப் போனால் முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது கரு கொடுக்கப்போகிற பன்றியைத்தான். அதன் பரம்பரை என்ன, போன ஈற்றில் எத்தனை குட்டி, எத்தனை காம்பு, கால் எப்படி என்று எல்லாவற்றையும் ஆசையாகச் சொல்வார்கள். சரி, அந்தக் கருக்களைச் சுமக்கப்போகிற பன்றிகள் எங்கே என்று கேட்டால், "அது கிடக்கு, ஏதாவது நாலு தர்றோம்" என்று பதில் வரும். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை அந்த "ஏதாவது நாலில்" தொடங்கியவை.

பன்றியில் எதற்குக் கருமாற்றம் என்று கேட்பவர்களுக்காக ஒரு விஷயம். மாட்டில் இதைச் செய்யும் காரணம் வேறு. பசு ஒரு பருவத்துக்கு, அதாவது சினைக்கு வரும் ஒவ்வொரு தடவைக்கும், ஒரு முட்டைதான் விடும், ஆண்டுக்கு ஒரு கன்று ஈன்றால் பெரிது; ஆகவே நல்ல பசுவிடமிருந்து அதிகக் கன்று எடுக்கக் கருமாற்றம் வேண்டும். பன்றி ஒரே பருவத்தில் 15 முதல் 25 முட்டை விடுகிறது, சினைக்காலம் 114 நாள், ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக்கு மேல் எடுக்கலாம். எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. பன்றியில் இது தேவைப்படுவது நோய்க்குப் பயந்துதான். புதிய இரத்தம் வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு பன்றியை உள்ளே கொண்டுவந்தால் அதோடு என்ன வைரஸ் வருகிறது என்று யாருக்குத் தெரியும்? இனப்பெருக்கத்தையும் மூச்சையும் ஒருசேரத் தாக்கும் பிஆர்ஆர்எஸ் என்ற வைரஸ் நோய் ஒரு தடவை நுழைந்தால் போதும், பண்ணையையே காலி செய்து மறுபடி தொடங்க வேண்டி வரலாம். கருவோ மொத்தமே ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு இருக்கும், சுற்றிலும் கண்ணாடி போல ஓர் உறை. உறை கிழியாத கருக்களை மட்டும் எடுத்து, புதிய திரவத்தில் பத்து முறை மாற்றி மாற்றிக் கழுவுவது உலகம் முழுக்கப் பின்பற்றும் முறை; ஒட்டிக்கொள்ளும் வைரஸ்களுக்காக நடுவில் புரதத்தைக் கரைக்கும் டிரிப்சின் என்ற நொதியிலும் கழுவுவார்கள். பன்றிக் கருவின் உறையில் சில வைரஸ்கள் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் கழுவிவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது, கொடைப் பன்றியின் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அப்படிச் செய்தால் ஆபத்து உயிருள்ள பன்றியைக் கொண்டுவருவதைவிட மிக மிகக் குறைவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு சங்கதி உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன். பன்றிக் குட்டி பிறக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது, ஏனென்றால் பன்றியின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குப் போவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான். முதல் சில மணி நேரத்தில் குட்டி எவ்வளவு சீம்பால் குடிக்கிறதோ அவ்வளவுதான் அதன் கவசம். வாடகைத் தாய் எந்தப் பண்ணையில் வளர்ந்ததோ அந்தப் பண்ணையின் கிருமிகளோடு பழகிய பன்றி, அதன் சீம்பாலில் இருப்பது அந்த இடத்துக்கே உரிய எதிர்ப்புச் சக்தி. வெளியிலிருந்து வந்த பரம்பரை, உள்ளூர்த் தாயின் கவசத்தோடு பிறக்கிறது. கொடைப் பன்றி எவ்வளவு உயர்ந்த வம்சமாக இருந்தாலும் இதை அதனால் கொடுக்க முடியாது.

வரலாறு நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். 1890இல் வால்டர் ஹீப் முயலில் முதன்முதலாகக் கருவை மாற்றிக் காட்டினார். பன்றியில் அது நடக்க 1951 வரை ஆனது, செய்தவர் சோவியத் நாட்டின் குவாஸ்னிட்ஸ்கி. அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் வயிற்றைத் திறந்துதான் கருவை வைத்தார்கள். பன்றியின் கருப்பை வாய்க்குள் சதைத் திண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பூட்டிக்கொண்டிருக்கும், அதைத் தாண்டினால் கருப்பைக் கொம்புகள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் குடல் போல வளைந்து நெளிந்து கிடக்கும். 1968லேயே போல்ஜ், டே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெட்டாமல் கரு வைத்துச் சினை பிடிக்க வைத்தார்கள், ஆனால் அது வழக்கமாகச் செய்கிற முறையாகவில்லை. ஸ்பெயினில் முர்சியா பல்கலைக்கழகத்துக் குழுதான் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நீளமுள்ள மெல்லிய, வளையும் குழாயை, அதாவது கதீட்டரை, கொம்பின் ஆழம் வரை கொண்டுபோய்க் காட்டியது. 2004இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் கரு வைத்த பன்றிகளில் 70 சதவீதம் ஈன்றன, சராசரியாக ஏழு குட்டி. பன்றி கூண்டில் நின்றபடி இருக்கும், மயக்க மருந்து தேவையில்லை, கை பழகியவருக்குச் சில நிமிட வேலை. கருவை எடுப்பதற்கு மட்டும் கொடைப் பன்றியின் வயிற்றைப் பெரும்பாலும் இன்னும் திறக்கத்தான் வேண்டியிருக்கிறது, அது எனக்கு ஒவ்வொரு முறையும் மனதைச் சங்கடப்படுத்துகிற விஷயம். ஓர் உயிரை அறுத்து எடுத்த கருவைக் கவனக்குறைவாக இன்னொன்றில் வைத்து வீணாக்கினால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன். இங்கேதான் அதிகமாகத் தவறுகிறார்கள். கொடைப் பன்றியும் வாடகைத் தாயும் ஒரே நாளில் பருவத்துக்கு வந்திருந்தால் நல்லது, வாடகைத் தாய் ஒரு நாள் பின்னால் வந்திருந்தால் இன்னும் நல்லது. கரு தன்னைவிட ஒரு நாள் இளைய கருப்பையைப் பொறுத்துக்கொள்ளும். வாடகைத் தாய் முன்னால் போயிருந்தால் அவ்வளவுதான், அந்தக் கருப்பை கடந்து போன ஒரு கட்டத்தில் இந்தக் கரு இன்னும் நின்றுகொண்டிருக்கும், அங்கே ஊறும் திரவம் இதற்குப் பொருந்தாது.

ஒரு பண்ணையில் எனக்கு நடந்தது இது. கருக்கள் அருமையானவை, ஆறாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே திரவம் நிறைந்த உருண்டைக் கட்டத்துக் கரு), மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதே மனம் நிறைந்தது. பதிவேட்டில் நாட்கள் சரியாக இருந்தன, கதீட்டரும் தடையில்லாமல் போனது. ஆனால் வைத்த பன்றிகளில் முக்கால்வாசி மீண்டும் பருவத்துக்கு வந்து நின்றன. அப்புறம் உட்கார்ந்து விசாரித்தால், அங்கே பருவம் பார்ப்பது காலையில் ஒரு தடவை மட்டும்தான். முந்தின நாள் காலை பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்திலேயே ஒரு பன்றி முதுகை அழுத்தினால் அசையாமல் நிற்கத் தொடங்கியிருந்தாலும் ஏட்டில் ஏறுவது மறுநாள் தேதி. ஏட்டில் ஒரு நாள் பின்னால் இருப்பதாகத் தெரிகிற பன்றி உண்மையில் கொடைப் பன்றியோடு சமமாக, சமமாகத் தெரிவது உண்மையில் முன்னால். நாங்கள் முந்தினதையெல்லாம் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறோம். கருவைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதிலிருந்து, ஆண் பன்றியை முன்னால் நிறுத்திக் காலையும் மாலையும் பருவம் பார்த்து எழுதாத இடத்தில் நான் கரு வைப்பதில்லை.

வைத்த பிறகாவது நிம்மதி என்றால் அதுவும் இல்லை. அடுத்த ஒரு வாரம் உள்ளே நடப்பது பெரிய காரியம். ஒரு கொம்பில் நாம் விட்ட கருக்கள் தாமாகவே நகர்ந்து இரண்டு கொம்புகளிலும் இடைவெளி விட்டுப் பரவுகின்றன. கருவின் வயதில் 11, 12ஆம் நாளில் சின்ன உருண்டையாக இருந்த ஒவ்வொரு கருவும் நூல் போல நீளத் தொடங்குகிறது, சில நாளில் ஒரு மீட்டர் வரைகூடப் போகும். அந்த நேரத்தில் அவை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்து, நாங்கள் இருக்கிறோம் என்று கருப்பைக்குத் தெரிவிக்கின்றன. தெரிவிக்காவிட்டால் கருப்பை தன் வழக்கப்படி ஒரு ஹார்மோனை விட்டு, சூலகத்தில் இருந்துகொண்டு சினையைத் தாங்கும் மஞ்சள் உடலங்களைக் கரைத்துவிடும். ஒன்றிரண்டு கரு சொன்னால் அதன் காதில் விழாது, குறைந்தது நான்காவது வேண்டும் என்று 1966லேயே போல்ஜும் அவருடன் இருந்தவர்களும் கண்டறிந்தார்கள். மாட்டுக்கு ஒன்று போதுமே, இங்கே ஏன் முப்பது கரு வைக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வழியில் இழப்பு இருக்கும், இழந்தது போக அந்தச் சமிக்ஞைக்குத் தேவையானவை மிஞ்ச வேண்டும்.

இந்த நாட்களில் போய் வாடகைத் தாயைக் கொட்டில் மாற்றுவார்கள், தெரியாத பன்றிகளோடு சேர்த்து விடுவார்கள், இரவெல்லாம் சண்டை நடக்கும். வெயில் காலம் என்றால் கேட்கவே வேண்டாம், பன்றிக்கு வியர்த்து ஆறுகிற உடல் இல்லை. முதல் ஒரு மாதம் அதைச் சும்மா விடுங்கள் என்று நான் கெஞ்சாத பண்ணை இல்லை.

உறைய வைத்த கருக்கள் பற்றியும் கேட்கிறார்கள். பன்றிக் கருவில் கொழுப்புத் துளிகள் நிறைய, மைக்ரோஸ்கோப்பில் கறுப்பாகவே தெரியும், இளம் கருக்கள் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே சாகும். 1989இல் ஜப்பானில் உறைய வைத்த கருக்களிலிருந்து குட்டிகள் பிறந்தன. 1995இல் நாகாஷிமா குழு கொழுப்பையே எடுத்துவிட்டு உறைய வைத்துக் காட்டியது. இப்போது மின்னல் வேகத்தில் கண்ணாடி போல இறுக வைக்கும் விட்ரிஃபிகேஷன் இருக்கிறது. முடியும், ஆனால் புதுக் கருவின் பலன் வராது. ஏற்கனவே அடிபட்டு வருகிற கரு அது, போய்ச் சேர்கிற இடம் இன்னும் நன்றாக இருக்க வேண்டும்.

என் தேர்வு எப்போதும் ஒரு தடவையாவது ஈன்று குட்டிகளை நன்றாக வளர்த்த பன்றிதான். இளம் பன்றியின் கருப்பை வாயில் கதீட்டர் நுழையவே சிரமம். அதோடு, முன் ஈற்றுப் பதிவேடு இருந்தால் பால் எப்படி, குட்டி மேல் படுத்து நசுக்கும் பழக்கம் உண்டா, ஆள் பக்கத்தில் போனால் மிரளுமா என்று எல்லாம் தெரியும். பால் மறக்கடித்தால் நான்கு முதல் ஏழு நாளில் பருவத்துக்கு வரும் என்பதால் ஒரே நாளில் ஒரு கூட்டத்துக்குப் பால் மறக்கடித்தாலே நாட்கள் பெரும்பாலும் ஒத்துவந்துவிடும். பாலூட்டி இளைத்துப்போன பன்றியை மட்டும் தொடாதீர்கள், அது முதலில் தேறட்டும்.

அடுத்த வாரம் ஒரு புதுப் பண்ணைக்குப் போகிறேன். அங்கே கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் பெண் நேற்று போனில் பேசினார். பால் மறக்கடித்த 9 பன்றிகளைத் தனியாக வைத்திருக்கிறாராம், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தானே பருவம் பார்த்து எழுதுகிறாராம், அதில் ஒன்று கொஞ்சம் நொண்டுகிறது, அதை விட்டுவிடலாமா என்று கேட்டார். விட்டுவிடலாம் என்றேன். கொடைப் பன்றி எப்படி இருக்கிறது என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.