டீசல் பிரிவில் மட்டம் பார்க்கக் கற்றது

குறுவைக்காக மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்க நெருங்க, நம் தொழிற்பயிற்சி நிலையத்தின் டீசல் மெக்கானிக் பட்டறையில் கால் வைக்க இடமிருக்காது. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து விவசாயிகள் டிராக்டரையும் பம்புசெட் எஞ்சினையும் கொண்டுவந்து, "தம்பி, போன வருசந்தான் காஸ்கெட் மாத்துனேன், மறுபடியும் ரேடியேட்டர்ல கொப்புளம் அடிக்குது" என்பார்கள். சிலிண்டர்கள் உள்ள பிளாக், அதை மேலே மூடும் ஹெட் இரண்டின் முகமும் வளையாமல் இருக்கிறதா என்று மட்டம் பார்த்து முடிக்கும்வரை, அவற்றின் நடுவே கசிவடைக்க வைக்கும் புதுக் காஸ்கெட்டின் உறையை எங்கள் ஆசிரியர் பிரிக்கவே விடமாட்டார்.

சேற்றுழவில் வைக்கோல் தூசு ரேடியேட்டரை அடைத்துவிடும். இறைக்கும் தண்ணீரிலேயே குளிரும் பம்புசெட் எஞ்சின்களிலோ, உறிஞ்சுகுழாயில் காற்றுப் புகுந்து இறைப்பு நின்றால் எஞ்சினுக்கும் தண்ணீர் நின்றுபோகும். அந்தச் சூட்டில் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ஹெட் விரிய வழியின்றி வளைகிறது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் அலுமினிய ஹெட்டுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே, போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சூட்டோடு கழற்றினால் நேராக இருந்த ஹெட்டும் வளைந்துவிடும். ஒட்டியிருக்கும் பழைய காஸ்கெட்டை எமரி வட்டு வைத்துத் தேய்ப்பதை ஆசிரியர் அடியோடு தடுத்தார். வட்டு தேய்த்த இடம் பள்ளமாகும் என்பது ஒருபுறம். உதிரும் பொடி எண்ணெய்த் துளைக்குள் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும் என்பதுதான் அவருடைய பெரிய கவலை.

பிறகு, துல்லியமாக நேராக்கிய பட்டையான ஸ்டிரெய்ட் எட்ஜை நீளவாக்கில் இரு ஓரங்களிலும், குறுக்கே இரு முனைகளிலும், மூலைக்கு மூலை இரண்டு முறையும் வைப்போம். பின்னால் டார்ச் அடித்தால் பள்ளமுள்ள இடத்தில் வெளிச்சம் கசியும். அங்கே, வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய உலோக இலைகள் கொண்ட ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. இலையைத் துடைத்து, இரு விரலால் பிடித்து, தள்ளாமல் நுழைத்துப் பார்ப்பார் ஆசிரியர். லேசாகப் பிடித்து இழுத்தால் அளவு அதுதான். தடையின்றி ஓடினால் அடுத்த இலை. பல எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் அளவு 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான் என்றாலும், அந்தந்த எஞ்சினின் கையேட்டைத் திறந்து பார்க்காமல் அவர் தீர்ப்புச் சொன்னதில்லை.

ஹெட்டைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ போய், முகத்தைச் சமமாகத் தேய்த்தெடுக்கும் கிரைண்டிங் செய்து வந்துவிடலாம். பிளாக் அப்படி நகராது என்பதால் பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. காஸ்கெட் திரும்பத் திரும்பப் போவதற்கு அதுவே பெரும் காரணம் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். போல்ட் துளையின் வாயில் உலோகம் மேலெழுந்து நிற்பதையும், இரு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய பாலம் தாழ்ந்திருப்பதையும் அங்கேதான் கண்டோம். சிலிண்டருக்குள் செருகும் குழாயான லைனர் உள்ள எஞ்சினில் அதன் விளிம்பு பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று டயல் கேஜால் சிலிண்டர் சிலிண்டராக அளந்து, கரும்பலகையில் எழுதவும் வைத்தார்.

வளைகுடாவில் ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் எனக்கு இன்றும் அதே ஆறு கோடுகள்தான். அண்மையில் ஒரு எஞ்சினுக்கு ஹெட்டை மட்டும் பலமுறை கிரைண்டிங் செய்து அனுப்பியிருந்தார்கள். பிளாக்கில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டருக்கு நடுவே 0.15 மி.மீ. இலை தாராளமாக நுழைந்தது.

நம் முன்னாள் மாணவர் சங்கம் நிலையத்துக்குக் கருவிகள் வாங்கித் தருவதாக இருந்தால், நல்ல ஸ்டிரெய்ட் எட்ஜ் ஒன்றை மரப்பெட்டியோடு வாங்கித் தரவேண்டும் என்பது என் வேண்டுகோள். அடித்தோ நெம்பியோ பயன்படுத்திய பட்டையை வைத்துப் பிள்ளைகள் மட்டம் பார்த்தால், கிடைப்பது ஹெட்டின் வளைவா பட்டையின் வளைவா என்று யாராலும் சொல்ல முடியாது.