ஏழு மில்லிமீட்டருக்கு வழி விடுதல்

ஷெல் அண்ட் ட்யூப் வெப்பப் பரிமாற்றி என்பது, ஷெல் என்கிற பெரிய உருளைக்குள் குழாய்க் கட்டை வைத்து, குழாய்க்குள் ஓடும் திரவத்துக்கும் வெளியே ஓடும் திரவத்துக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் இயந்திரம். அது ஒன்று பட்டறைக்கு வந்து இறங்கினால் எல்லோர் கண்ணும் குழாய்க் கட்டின் மேல்தான் போகும். என் கண் ஷெல்லின் நடுவில் இருக்கிற பெல்லோஸைத் தேடும். ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக, மெல்லிய எஃகுத் தகட்டில் செய்த அந்த வளையம்தான் அந்த இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே ஜேக்கப்ஸ் பகுதியில், இவற்றைச் செய்வதும் பழுது பார்ப்பதுமாக இருக்கும் பட்டறையில் வேலை செய்து நான் கற்றதில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கணக்கு எளிமையானது. சாதாரண எஃகு, மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். ஆறு மீட்டர் குழாய்கள், உள்ளே சூடான எண்ணெய். வெளியே ஷெல்லில் தண்ணீர். குழாய்களின் சராசரி வெப்பம் ஷெல்லைவிட 100 டிகிரி கூடினால், குழாய்க் கட்டு ஷெல்லைவிட 7.2 மில்லிமீட்டர் அதிகம் நீள வேண்டும். சுண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த நீட்சியை முழுதாகத் தடுத்தால் எஃகுக்குள் எழும் தகைவு சுமார் 240 மெகாபாஸ்கல். மென் எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லையே ஏறக்குறைய 250தான். போக இடமில்லாத அந்த விசை குழாயை வளைக்கும், அல்லது குழாய் முனைகளைப் பிடித்து நிற்கும் துளையிட்ட தடித்த தகடான ட்யூப் ஷீட்டிலிருந்து குழாயின் முனையைப் பிய்க்கும். யூ வடிவக் குழாய், ஒரு முனையை நகர விடும் மிதக்கும் தலை என்று வேறு வழிகளும் உண்டு. இரு முனையும் இறுக வெல்டிங் செய்த பரிமாற்றியில் வெப்ப வித்தியாசம் இவ்வளவு இருந்தால், வழி மடிப்பு விரிந்து ஷெல்லையும் சேர்ந்து நீள விடும் பெல்லோஸ்தான்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் பாய்லர்மேக்கராகப் பழகியவர். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பின் வந்த கப்பல் ஒன்றில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம் அவருடையது. பட்டறையில் ஆங்கிலமும் சூலுவும்தான் அவர் வாயில். என்னைக் கண்டால் மட்டும், ஆயாவிடம் கேட்டு வளர்ந்த தமிழ் வரும். தைப்பூச மாதத்தில் கிளேர்வுட் கோயிலுக்குக் காவடி எடுப்பவர். அந்த விரத நாட்களிலும் ஒரு வெல்டிங்கைக்கூட இன்னொருவர் பார்வைக்கு விட்டுவிட மாட்டார்.

சமையல் எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து ஒரு பரிமாற்றி வந்தது. பெல்லோஸின் மடிப்பு அடியில் விரிசல். ஆலையின் பராமரிப்பு ஆட்கள் அதன் மேல் தடிமனாக வெல்டிங் ஓட்டியிருந்தார்கள். சில மாதங்களில் அந்த வெல்டிங்கின் ஓரத்திலேயே புதிய விரிசல். இப்போது அவர்கள் கேட்டது: "ஒன்றரை மில்லி தகட்டுக்குப் பதில் மூன்று மில்லி போட்டுக் கொடுங்கள், இனி உடையக் கூடாது."

இந்தக் கோரிக்கையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உடைந்ததைத் தடிமனாக்குவது மனித இயல்பு. பெல்லோஸில் அது நேர் எதிராக வேலை செய்யும். தகட்டின் தடிமனை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அதே ஏழு மில்லிமீட்டர் அசைவுக்கு மடிப்பில் எழும் வளைவுத் தகைவு இரண்டு மடங்காகும். திரும்பத் திரும்ப வளைவதால் வரும் களைப்பு விரிசலுக்கு வேண்டியது அதுதான்.

அண்ணன் தம் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த ஆலையின் இளம் பொறியாளரிடம் இதைப் பொறுமையாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இது ஆடணும். ஆட விடாம கட்டினா எப்படி நிக்கும்?" என்றார்.

அழுத்தத்தைத் தாங்க மொத்தத் தடிமன் வேண்டும்தான். அதை ஒரே தகடாகக் கொடுக்காமல், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய அடுக்குகளாகக் கொடுக்கலாம். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கும். அதனால் இரண்டு ஒரு மில்லி அடுக்குகளின் விறைப்பு, ஒரு இரண்டு மில்லி தகட்டின் விறைப்பில் கால் பங்குதான். அப்படித்தான் செய்து கொடுத்தோம். மடிப்புகளையும் கூட்டினோம். ஏழு மில்லிமீட்டரை அதிக மடிப்புகள் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் வேலை குறையும். மடிப்புகளை அளவுக்கு மீறிக் கூட்டக் கூடாது. நீண்ட பெல்லோஸ் உள் அழுத்தத்தில் பக்கவாட்டில் நெளிந்துவிடும்.

அந்த ஆலையில் விரிசல் வரக் காரணம் தகடு மட்டுமில்லை. பெல்லோஸின் ஆயுளை ஆண்டுகளில் அளக்கக் கூடாது, எத்தனை முறை சூடாகி ஆறுகிறது என்றுதான் எண்ண வேண்டும். 1000 சுற்றுக்கு வடிவமைத்த ஒன்று, வாரம் ஒருமுறை நிறுத்தும் ஆலையில் ஏறக்குறைய 19 ஆண்டு ஓடும். தினம் இரண்டு முறை முழுதாக ஆறிச் சூடானால் ஒன்றரை ஆண்டுகூடத் தாங்காது. இங்கே 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, வரைபடம் போட்டவர் கனவிலும் நினைக்காத அளவுக்கு இயந்திரங்கள் நின்று நின்று ஓடின. இரண்டு மணி நேர வெட்டில் முழுதாக ஆறாது என்பது ஒரு ஆறுதல்: அசைவு பாதியானால் ஒரு சுற்றின் சேதம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். நான்கு மணி நேர வெட்டுக்கு அந்த ஆறுதல் கிடையாது.

கடல் பக்கத்திலேயே இருப்பது இன்னொரு தொல்லை. உப்பு ஈரம் வெப்பக் காப்பு உறைக்குள் ஊறி நிற்கும். சாதாரண ஸ்டெயின்லெஸ் தகடு, 60 டிகிரிக்கு மேல், இழுவைத் தகைவோடு, குளோரைடும் சேர்ந்தால் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து விரியும். களைப்பு விரிசல் என்று எல்லோரும் முடிவு கட்டிய சிலவற்றை வெட்டிப் பார்த்தால் இதுதான் இருக்கும். நிக்கல் மிகுந்த 625 உலோகக் கலவை இதை நன்றாகத் தாங்கும். விலை பல மடங்கு. எந்த ஆலை நிர்வாகமும் முதலில் ஒப்புக்கொள்ளாது. குறைந்தது காப்பு உறையின் மேல் தகரத்தில் மழை நீர் புகாமல் மூடுங்கள் என்று கெஞ்சிக் கேட்போம். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டுக்கும் குளோரைடு குறைந்த தண்ணீர்தான். சோதனை முடிந்ததும் மடிப்புகளில் தேங்கியதை வடித்து உலர்த்தியாக வேண்டும்.

கரும்பு ஆலைகளின் வேலை வேறு ரகம். இங்கே அரைவை ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை போகும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஆவிப்பான்களையும் சாறு சூடேற்றிகளையும் திறக்க நேரம். அங்கே பெல்லோஸ் அதிகம் இருக்காது. குழாயின் முனையை உள்ளிருந்து உருட்டி ட்யூப் ஷீட்டோடு இறுக்கும் இணைப்புதான். குறைவாக உருட்டினால் கசியும். அதிகமாக உருட்டினால் குழாய்ச் சுவர் மெலிந்து இறுகி, ஷீட் முடியும் இடத்தில் விரிசல் விடும். ஃபெரிட்டிக் என்கிற ஸ்டெயின்லெஸ் வகைக் குழாய்கள் சூட்டில் ஏறத்தாழ மென் எஃகு அளவுக்கே நீளும் என்பதால் அந்த இணைப்பில் இழுபறி குறைவு.

புதிய பெல்லோஸோடு அந்தப் பரிமாற்றியை அனுப்பும்போது, பயணத்தில் மடிப்புகள் நெளியாமல் இருக்க மஞ்சள் வண்ணம் அடித்த கம்பிகளைப் போட்டிருந்தோம். அவற்றைக் கழற்றாமலே ஓட்டிய ஆலைகள் உண்டு. பூட்டிய கதவைத் தள்ளுவதுபோல் குழாய்கள் முட்டி நின்று கசிந்திருக்கின்றன. ஆகவே அண்ணன் கூடவே போனார். நிறுவி முடித்ததும் கம்பிகளைத் தம் கையாலேயே கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு வந்தார். இப்போது விலைப்பட்டியல் கேட்டு வருகிற எல்லோரிடமும் வெப்பம், அழுத்தம் கேட்பதற்கு முன், மின்வெட்டையும் சேர்த்து மாதம் எத்தனை முறை நிறுத்துகிறீர்கள் என்று கேட்கிறோம். அந்த எண்ணை எழுதித் தராதவர்களுக்கு வரைபடம் தொடங்குவதில்லை.