மரம் முளைத்த உடலும் எங்கள் வீட்டுச் சண்டையும்

எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே புத்தகத்தை ஒருவர் பின் ஒருவராகப் படித்தோம். ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதி 2024-ல் வெளிவந்த 'தி டெயின்டட் கப்', கற்பனை உலகத்தில் நடக்கும் (ஃபேன்டசி) துப்பறியும் நாவல். அக்கா கடைசி அத்தியாயங்களில் கோபப்பட்டு மூடி வைத்துவிட்டாள். தம்பிக்கு ஏமாற்றம். நான் முடித்த அன்று ராத்திரியே முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஒரு மாதமாகச் சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், கொலையாளி யார் என்பதைத் தொடமாட்டேன். கானும் என்று ஒரு பேரரசு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடலிலிருந்து லெவியதான்கள் என்ற மலை போன்ற ராட்சத மிருகங்கள் கரையேற வரும், அவற்றைத் தடுக்கப் பிரம்மாண்டமான கடல் சுவர்கள் கட்டியிருக்கிறார்கள். இந்த நிலையில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் மாளிகையில் பொறியாளர் படையின் உயரதிகாரி ஒருவர் இறந்துகிடக்கிறார். உடம்புக்குள்ளிருந்து மரம் வெடித்துக் கிளம்பி மேற்கூரை வரை போயிருக்கிறது. விசாரிக்க வருபவன் டின் என்கிற இளைஞன். பார்த்தது கேட்டது எதையும் மறக்காதபடி அவன் மூளையை மாற்றியிருக்கிறார்கள், சின்னக் குப்பிகளில் இருக்கும் வாசனைகளை முகர்ந்து பழைய காட்சிகளை அப்படியே மீட்டுச் சொல்வான். அவன் சொல்வதை எல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டு முடிச்சை அவிழ்ப்பவள் அவனுடைய மேலதிகாரி அனா.

அக்கா பள்ளிக்கூட நாளிலிருந்து அகதா கிறிஸ்டி படிப்பவள். அவளுடைய குற்றச்சாட்டு ஒன்றுதான். "ஊர் உலகத்துல இல்லாத செடியை வெச்சுக் கொன்னா, நான் எப்படிடா கண்டுபிடிக்கறது?" இந்தக் கேள்விக்கு வயது அதிகம். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், தானும் துப்பறியும் கதைகள் எழுதியவர், 1929-லேயே இதற்குப் பத்துக் கட்டளைகள் போட்டுவிட்டார். அமானுஷ்ய சக்திக்கு இடமில்லை, இதுவரை யாரும் அறியாத விஷம் கூடாது, துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் உடனே வாசகருக்கும் தெரிய வேண்டும். இவற்றில் முதல் இரண்டை வைத்துப் பார்த்தால் அக்கா சொல்வது நியாயம்தான். டாப்பிள்கிளாஸ் என்ற அந்தச் செடி பென்னட்டின் கற்பனை.

ஆனால் எனக்கு மூன்றாவதுதான் முக்கியம். மற்ற இரண்டையும் நாக்ஸ் போட்டதே அதைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறேன். தெரியாத விஷத்தைக் கடைசிப் பக்கத்தில் எடுத்து நீட்டினால் அது ஏமாற்று. இங்கே எந்தச் செடி கொன்றது, அது என்ன செய்யும், முன்பு எவ்வளவு பெரிய நாசம் செய்தது எல்லாவற்றையும் பென்னட் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார், அப்புறம் மிச்சம் இருப்பது யார், எப்படி, எதற்காக என்ற பழைய கேள்விகள்தான். இரண்டாம் முறை படிக்கும்போது பென்சில் வைத்துக்கொண்டு குறித்தேன். ஃபெர்ன்பேப்பர் என்ற காகிதத்தால் ஆன சுவர்கள், அறையைக் குளிர்விக்கும் காளான்கள் என்று முதல் தடவை வெறும் அலங்காரம் என்று நான் தாண்டிப்போனவை அத்தனையும் தடயம். மாளிகைக்குள் நுழையும்போதே கண் முன்னால் இருக்கின்றன! குறித்த பக்கங்களை அக்காவிடம் காட்டினேன். "சரி, இருக்கு, ஆனா அது தடயம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நிஜ உலகத்துக் கதையில் வாடிய ரோஜாவைப் பார்த்தால் நமக்கே ஏதோ தட்டும், கற்பனைக் காளான் வாடினால் அது வழக்கமா விபரீதமா என்று தெரியாது. இந்த வகைக் கதைகளின் உண்மையான கஷ்டம் இதுதான். பென்னட் அதைப் பெரும்பாலும் ஜெயித்திருக்கிறார் என்பது என் கட்சி.

தம்பியின் ஏமாற்றம் வேறு. அவன் ஃபேன்டசி ரசிகன், லெவியதானை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தான். "அது வருது வருதுன்னே சொல்றாங்க, நம்மளை சுவருக்கு இந்தப் பக்கமே உக்கார வெச்சுட்டாங்க." எனக்கோ அந்தச் சுவர்தான் உயிர். அதைக் கட்டுகிறவர்கள், ஓட்டை விழுந்தால் அடைக்க ஓடுகிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், இவர்களில் சிலர் செத்தால் சுவர் நிற்காது என்பதால்தான் ஒரு கொலை இவ்வளவு பெரிய விஷயமாகிறது. வீர சாகசக் கதைகளில் பராமரிப்பு வேலைக்கு இத்தனை மரியாதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் முதல் சில அத்தியாயங்களில் படைப்பிரிவுகளின் பெயர்களும் பதவிகளும் மாற்றப்பட்ட உடல்களும் ஒரே மூச்சில் வந்து விழுவது பாரம்தான், அதில் தம்பியோடு ஒத்துப்போகிறேன்.

இந்த நாவல் 2025-ல் ஹ்யூகோ விருது வாங்கியது, அது அறிவியல் புனைவு, ஃபேன்டசி ஆட்களின் விருது. அதே வருடம் அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர்கள் தரும் எட்கர் விருதின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. இரண்டு கூட்டமும் தங்கள் ஆள் என்று அணைத்த புத்தகத்தில், அந்த இரண்டு கூட்டத்தையும் சேர்ந்த என் வீட்டு ஆட்கள் இருவருக்குமே குறை தெரிகிறது.

அனாவை வைத்தும் சண்டை உண்டு. வாய்க்கு வாய் வசவு, யாரையும் மதிக்காத பேச்சு, அக்காவுக்கு அது எரிச்சல், தம்பி அவளுக்காகவே கடைசி வரை படித்தேன் என்கிறான். நான் டின் பக்கம். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவன் நம்மிடமே சில விஷயங்களை மறைக்கிறான். உதவியாளன் தன் மனதில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக்கூடாது என்றும் நாக்ஸ் ஒரு விதி வைத்திருக்கிறார், அதையும் இந்தப் புத்தகம் மீறுகிறது. ஆனால் டின் மறைப்பது கொலை பற்றிய தடயத்தை அல்ல, தன் வெட்கத்தை. அது தெரிந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன்.

இரண்டாம் பாகம் 'எ டிராப் ஆஃப் கரப்ஷன்' 2025-ல் வந்துவிட்டது. அலமாரியில் வைத்திருந்தேன், நேற்றிலிருந்து காணோம். அக்கா அறையில் விளக்கு எரிகிறது.