வட்டம் சுற்றுகிறது

காலையில் ஒரு ஆப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வைஃபையை அணைத்துப் போட்டேன், போனை ரீஸ்டார்ட் செய்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு அவர்கள் சர்வரில்.

அந்த நேரத்திலும் மின்னஞ்சல் மட்டும் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மின்னஞ்சலுக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம், சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறை (protocol) மட்டும் பொது. ஒன்று படுத்தாலும் மற்றவை ஓடும்.

2021 அக்டோபர் 4 ஞாபகம் இருக்கிறதா? ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. யாரும் தாக்கவில்லை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை டேட்டா சென்டர்களை இணைக்கும் பாதையையே துண்டித்துவிட, உலகம் முழுக்க அவர்களுடைய முகவரியே இணையத்திலிருந்து காணாமல் போனது. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களும் திண்டாடினார்கள், ஏனென்றால் அவர்களுடைய கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன!

இத்தனைக்கும் பால் பாரன் என்ற பொறியாளர் 1960களிலேயே மையமே இல்லாத வலைப்பின்னலைத் திட்டமிட்டுக் காட்டிவிட்டார். சில கணுக்கள் (வலையின் இணைப்புப் புள்ளிகள்) அழிந்தாலும் செய்தி வேறு வழியாகப் போய்ச்சேரும். அப்படி வளர்ந்த இணையத்தின் மேல்தான் நாம் மறுபடி நாலைந்து பெரிய கட்டடங்களைக் கட்டி, எல்லாரும் அதற்குள் குடியேறியிருக்கிறோம்.

ஒரே இடத்தில் குவிக்காமல் பரவலாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களில் ஓடுகிறது. அதில் ஒரு சர்வரை நடத்துபவர் சலித்துப்போய் மூடிவிட்டால் அங்கே இருப்பவர்களுக்கு அவதிதான். ஆனால் மற்ற சர்வர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும்.

(இதையும் ஃபேஸ்புக்கில்தான் எழுதுகிறேன், தெரியும். நீங்கள் எல்லாரும் இங்கேதானே இருக்கிறீர்கள்.)